‘தாய் மண்’ எந்த மண்? ஒரு நாட்டுப்பற்றுப் பாடலின் நெடுவாழ்வு



மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் பாட்டைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இசை நம் துறையன்று. ஆயினும், ஒரு பாடல் கால் நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் வாயில் நிலைத்து நிற்குமானால், அதற்குரிய காரணங்களுள் ஒன்றேனும் அதன் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. ஏ. ஆர். ரகுமான் 1997-இல் இசையமைத்துப் பாடிய ‘தாய் மண்ணே வணக்கம்’ என்னும் பாடலை அவ்வகையில் இன்று ஆராய எடுத்துக்கொள்கிறோம். அது இந்தியாவின் விடுதலைப் பொன்விழாவை ஒட்டிப் பிறந்த பாடல். செமிலிங்கிலும் பீடோங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதைத் தங்கள் பாடலாகப் பாடுவது எவ்வாறு என்பதே நம் வினா.

இவ்வினா நமக்கு எழுந்தது நூலகத்தில் அன்று. ஒரு போட்டி மேடையில். பல ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஆகஸ்டு மாதத்தில், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான நாட்டுப்பற்றுப் பாடல் போட்டி ஒன்றுக்கு நாமும் நடுவர்களுள் ஒருவராகச் சென்றிருந்தோம். தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒரு சிறுமி இப்பாடலைப் பாடினாள். குரல் உச்சத்தில் சற்றுத் தடுமாறியது. ஆனால் அவை முழுவதும் அவளோடு சேர்ந்து பாடியது. மதிப்பெண் கூட்டும்போது உடனிருந்த நடுவர் ஒருவர், “இது வேறு நாட்டுப் பாட்டு, மெர்டேக்கா மாதத்தில் இதற்கு மதிப்பெண் எப்படி?” என்று கேட்டுப் பெரும்பகுதியைக் குறைத்தார். நிகழ்ச்சி முடிந்தபின் அச்சிறுமியிடம், “எந்த மண்ணை நினைத்துப் பாடினாய், அம்மா?” என்று கேட்டோம். அவளுக்கு அக்கேள்வியே விளங்கவில்லை. “நம்ம மண்ணுதான் ஐயா, இங்க,” என்றாள். அந்த விடையை உடனே நடுவர்களிடம் கொண்டு சென்றிருக்க வேண்டும். நாம் அதைச் செய்யவில்லை. இவ்வுரை அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்லும் முயற்சி.

பாடலின் பிறப்பு

முதலில் அந்த நடுவர் பக்கமுள்ள உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வரலாற்றின்படி அவர் சொன்னது சரியே. 1997 ஆகஸ்டில் இந்தியா விடுதலையின் ஐம்பதாம் ஆண்டை எய்தியது. அதனை ஒட்டி ‘வந்தே மாதரம்’ என்னும் இசைத்தொகுப்பைச் சோனி மியூசிக் நிறுவனம் வெளியிட்டது. ரகுமானின் நண்பரும் விளம்பரப் பட இயக்குநருமான பாரத்பாலா அதன் காட்சி வடிவத்தை உருவாக்கினார். தலைமைப் பாடலின் இந்தி வடிவம் ‘மா துஜே சலாம்’. அதனை எழுதியவர் மெஹபூப். அதன் தமிழ் வடிவமே ‘தாய் மண்ணே வணக்கம்’. விடுதலை நாளுக்கு முந்திய இரவில் புதுதில்லி விஜய் சௌக்கில் ரகுமான் அதை மேடையில் பாடினார்.

ரகுமான் திரைக்கு வருமுன் சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ராக் இசைக்குழுவை நடத்தியவர். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ அவரை இந்தியா முழுவதும் அறியச் செய்தது. எனவே நாட்டுப்பற்றுப் பாடலுக்கு ராக் இசையின் தாளக்கட்டை அவர் எடுத்தாண்டதில் வியப்பில்லை. பாடலின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒற்றைக் குரல் மெல்லத் தொடங்கி மிக உயர்ந்த இடத்துக்கு ஏறுகிறது. பின்னர்த் தாளம் சேர்கிறது. அதன்பின் பலர் கூடிப் பாடும் பல்லவி வருகிறது. உச்சத்தில் பாடுவது தேர்ந்த குரலுக்கே இயலும். பல்லவியோ யார்க்கும் எட்டும். கேட்பவரைக் காத்திருக்கச் செய்து, பிறகு தம்மோடு சேர்த்துக்கொள்ளும் அமைப்பு இது. அச்சிறுமியின் குரல் உச்சத்தில் தடுமாறியதும், அவை பல்லவியில் எழுந்து சேர்ந்துகொண்டதும் இவ்வமைப்பின் விளைவுகளே.

ஆனால் இசை அமைப்பு மட்டுமே நெடுவாழ்வு தருமா? 1997-இலும் அதன் பின்னும் எத்தனையோ பாடல்கள் எழுந்து அடங்கின. ஆகவே சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

முந்தைய நூறாண்டு

‘வந்தே மாதரம்’ என்னும் இரு சொற்கள் பங்கிம் சந்திர சட்டர்ஜியின் பாடலிலிருந்து வந்தவை. அப்பாடல் 1882-இல் வெளிவந்த ‘ஆனந்த மடம்’ புதினத்தில் இடம்பெற்றது. 1896-இல் கல்கத்தா காங்கிரசு மாநாட்டில் இரவீந்திரநாத் தாகூர் அதனைப் பாடினார். 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டபோது அவ்விரு சொற்கள் போராட்ட முழக்கமாயின. அதே ஆண்டில் பாரதியார் அப்பாடலைத் தமிழாக்கினார். 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் பாரதியாரோடு மாறுபட்டவராயினும், அவருடைய நாட்டுப் பாடல்கள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பாட்டின் வலிமையைக் கட்சிப் பிரிவு தடுக்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

அச்சு, இசைத்தட்டு, திரைப்படம், வானொலி என ஒவ்வொரு காலத்திலும் நாட்டுப் பாடல் புதிய ஊர்தி ஏறி வந்திருக்கிறது. 1947-இல் ஏவிஎம்மின் ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் வீதிதோறும் ஒலித்தன. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியாரின் படைப்புகளைப் பொதுவுடைமையாக்கியது. பாடல் யாருடையது என்னும் வினாவுக்கு அன்று கிடைத்த விடை, ‘பாடுவோர் எல்லாருடையதும்’ என்பதாகும். நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கும் இவ்விடை பின்னர் உதவும்.

வங்கப் பாடலுக்கு ஒரு சிக்கலும் இருந்தது. அதன் பிற்பகுதி நாட்டைத் துர்க்கையாக உருவகம் செய்தமையால் இசுலாமியர் பலர் அதனைப் பாட இயலாதெனக் கூறினர். 1937-இல் காங்கிரசுச் செயற்குழு முதல் இரண்டு கண்ணிகளை மட்டும் பாடலாம் என முடிவு செய்தது. 1950 சனவரி 24 அன்று ‘ஜன கண மன’ நாட்டுப்பண்ணாகவும், ‘வந்தே மாதரம்’ அதற்கு ஒத்த மதிப்புடைய பாடலாகவும் அறிவிக்கப்பட்டன. 1997-இன் பாடல் இச்சிக்கலை எளிதாகக் கடந்தது. பழைய பாடலிலிருந்து அந்த இரு சொற்களை மட்டும் பல்லவிக்கு எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் புதிதாக எழுதிக்கொண்டது.

மலாயாவில் நம் முன்னோர் பாடியவை

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். 1943 சூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். கேப்டன் லட்சுமி தலைமையிலான ஜான்சி ராணிப் படையில் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையினர். அதற்கு முன் காலைப் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்றவர்கள், இப்போது அணிவகுத்து நடந்தனர்.

அப்போது அவர்கள் பாடிய அணிநடைப் பாடல் ‘கதம் கதம் பதாயே ஜா’. மெட்டமைத்தவர் இராம் சிங் தாக்குரி, மொழி இந்துசுத்தானி. பாடியவர்களுட் பெரும்பாலோர்க்கு அம்மொழி தெரியாது. மெட்டும் நடையும் புரிந்தன; சொற்பொருளைக் கேட்டறிந்தனர். இன்றும் இந்தியப் படையின் அணிவகுப்பில் அம்மெட்டு ஒலிக்கிறது. ஆனால் தோட்ட லயங்களில் அது அந்தத் தலைமுறையோடு மெல்ல மங்கிவிட்டது. அதனைப் பாடியவர்களின் பேரர்கள் அதன் ஒரு சொல்லையும் தம் வாழ்வில் பொருத்திப் பார்க்க வழியில்லாமற் போனமையே காரணம் எனக் கருதுகிறோம்.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. நாட்டுப்பண்ணுக்காக நடத்தப்பட்ட உலகளாவிய போட்டிக்கு 514 மெட்டுகள் வந்தும் எதுவும் நிறைவளிக்கவில்லை. இறுதியில் பேராக் மாநிலப் பண்ணின் மெட்டே தேர்வாயிற்று. ‘தெராங் புலான்’ என்னும் பெயரில் மக்கள் முன்பே பாடிப் பழகிய மெட்டு அது. நாட்டுப்பண்ணை உருவாக்கியதில் முன்னின்ற துங்கு அப்துல் ரகுமான் நம் கெடாவின் அலோர் ஸ்டாரில் பிறந்தவர். 1992-இல் ‘நெகாராக்கு’ விரைவான நடைக்கு மாற்றப்பட்டது. 2003-இல் பழைய நடையே திரும்பியது. மக்கள் உடலில் ஏறிவிட்ட நடையை ஆணையால் எளிதில் மாற்ற இயலாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இந்நாட்டிலும் நெடுநாள் வாழும் பாடல்கள் உள்ளன. சுடிர்மான் பாடிய ‘தங்கால் 31 ஓகோஸ்’ ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒலிக்கிறது. அவர் மறைந்தது 1992-இல். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுக்கென ராக் பாடகி எல்லா பாடிய ‘ஸ்டாண்டிங் இன் தி ஐஸ் ஆஃப் தி வோர்ல்ட்’ என்னும் பாடலை, அவ்விளையாட்டை நேரில் காணாத இளைஞரும் இன்று பாடுகின்றனர். ஒரு விழாவுக்கென எழுதப்பட்ட பாடல் அவ்விழாவைத் தாண்டி வாழ முடியும் என்பதற்கு நம் வீட்டுச் சான்று அது.

மூன்று மொழி, மூன்று வணக்கம்

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘வந்தே’ என்னும் வடசொல் ஒரு வினைமுற்று, தன்மை ஒருமை, ‘நான் வணங்குகிறேன்’ என்பது பொருள். ‘மா துஜே சலாம்’ என்னும் இந்தித் தலைப்பில் ‘துஜே’ என்பது முன்னிலை. ‘உனக்கு’ என்பது பொருள். ‘சலாம்’ அரபுச் சொல். நாம் நாள்தோறும் கூறும் மலாய் ‘செலாமாட்’ என்னும் சொல்லும் அதே வேரினது. சமற்கிருதப் பல்லவிக்கு அருகில் அரபுச் சொல்லை நிறுத்தியதன் வழி, பழைய பூசலின் இரு தரப்பாரும் ஒரே பாடலில் நிற்க இடம் கிடைத்தது.

தமிழ்த் தலைப்பு வேறு வழியில் செல்கிறது. ‘வணக்கம்’ என்பது ‘வணங்கு’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். அதில் தன்மையும் இல்லை, முன்னிலையும் இல்லை. வணங்குபவர் யார் என்பதைச் சொல் அறிவிக்கவில்லை. பாடுபவர் எவரோ அவரே அவ்விடத்தை நிரப்புகிறார். எந்த நாட்டின் பெயரும் தலைப்பில் இல்லை என்பதையும் உடன் நினைவிற் கொள்க.

அடுத்தது ‘மண்ணே’ என்னும் விளி. அஃறிணைப் பெயர்கள் விளிக்கப்படுமிடத்து ஏகாரம் பெறும் என்று தொல்காப்பியர் விளிமரபில் விதிக்கிறார். படர்க்கையில் இருப்பதைத் தன்முகமாக அழைப்பதே விளியின் பொருள் என்பார் நன்னூலார். இவ்விளக்கம் நம் வினாவுக்கு நேரே பயன்படுகிறது. ‘மண்’ எனும்போது அது எங்கோ உள்ள மண்ணாக இருக்கலாம். ‘மண்ணே’ என்றழைக்கும்போது அது அழைப்பவர் முன் வந்து நிற்கிறது. செமிலிங் பள்ளித் திடலில் நின்று அழைக்கும் பிள்ளைக்கு முன்னால் நிற்பது எந்த மண்? ஜெராய் மலை அடிவாரத்துச் செம்மண்தானே!

‘தாய் மண்’ விரியும் இரு வழிகள்

உரையின் மையப் பகுதிக்கு வந்துள்ளோம். ‘தாய் மண்’ ஒரு தொகை. அதை இரு வகையாக விரிக்கலாம். ‘தாயாகிய மண்’ என விரித்தால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. ‘தாயினது மண்’ என விரித்தால் ஆறாம் வேற்றுமைத்தொகை. தமிழ்நாட்டில் வாழ்பவர்க்கு இவ்விரண்டும் ஒரே நிலத்தைச் சுட்டும். வேறுபாட்டை உணர வாய்ப்பில்லை. மலேசியத் தமிழர்க்கோ இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கடல் கிடக்கிறது.

கப்பலேறி வந்த முதல் தலைமுறைக்கு ‘ஊர்’ என்றாலே இந்தியாதான். ‘ஊருக்குப் போகிறேன்’ என்றால் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறுதல் என்பதே பொருள். அவர்களுக்குத் தமிழகம் பிறந்த மண். மலாயா புகுந்த மண். பிறந்த வீடும் புகுந்த வீடும் பெண்ணுக்கு எவ்வாறோ அவ்வாறு. அடுத்த தலைமுறை இங்கே பிறந்தது. ஆனால் அதன் தாய் அங்கே பிறந்தவள். அதற்கு இரு விரிகளும் பொருந்தின: தாயினது மண் அது, தாயாகிய மண் இது. நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைக்குத் தாயும் பாட்டியும் பிறந்தது கெடாவிலேயே. எவ்வாறு விரித்தாலும் அப்பிள்ளை வந்து சேருமிடம் இந்த மண்ணே. அன்று அச்சிறுமிக்கு நம் கேள்வி விளங்காமற் போனதற்குக் காரணம் இதுவே. அவளுக்கு இரண்டு மண் இல்லை.

மலாய் மொழியும் அவளுக்குத் துணை நிற்கிறது. தாய்நாட்டைக் குறிக்கும் மலாய்ச் சொற்களுள் ஒன்று ‘தானா ஆயேர்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மண்ணும் நீரும்’. மற்றொன்று ‘இபு பெர்த்திவி’. ‘இபு’ என்பது தாய். ‘பெர்த்திவி’ என்பது பிருதிவி, அதாவது மண். ஆக ‘தாய் மண்’ என்பதற்கு நேரான சொல் மலேசிய நாட்டுப்பற்று மொழியில் முன்பே வழங்கிவருகிறது. அந்தச் சிறுமி பாடிய தலைப்பை மலாயில் பெயர்த்துக் கேட்டிருந்தால், அதே நடுவர் முழு மதிப்பெண் வழங்கியிருக்கவும் கூடும்.

போட்டிக்கு விதி வேண்டாமென்று நாம் கூறவில்லை. ‘மலேசியாவில் இயற்றப்பட்ட பாடல்களே பாடப்பெறல் வேண்டும்’ என முன்கூட்டி அறிவித்திருந்தால் அது நேர்மையான விதியே. அன்று விதி அவ்வாறு இல்லை. குறைக்கப்பட்டது பாட்டுக்குரிய மதிப்பெண் மட்டும் அன்று. ஒரு பிள்ளையின் பற்றும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கும் காலத்தில், ‘இந்த மண் என் மண்’ என்று பாடும் தமிழ்ப் பிள்ளையை நோக்கி ‘அது உன் மண்ணைப் பற்றியதன்று’ என்பது சிறிய தவறன்று. அதனைக் கேட்டும் வாளாவிருந்த நம் தவறும் சிறிதன்று.

ஆசிரியர்கட்கு ஒரு பரிந்துரை

பாடல் நெடுநாள் வாழ்வதற்குரிய காரணங்களை இப்போது தொகுத்துக் கூறலாம். அதன் பல்லவி எல்லார் குரலுக்கும் எட்டுகிறது. பழைய பூசலை அது புதிய சொற்களால் தவிர்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் தமிழ்த் தலைப்பு நாட்டின் பெயரையும் வணங்குவோர் பெயரையும் சொல்லாமல் விடுகிறது. அணிநடைப் பாடல் தன் போரோடு கட்டுண்டிருந்தது. போர் முடிந்ததும் லயங்களில் அது ஓய்ந்தது. இப்பாடலோ பொன்விழாவிலிருந்து கழன்று, பாடுவோர் நிற்கும் இடத்தில் ஊன்றிக்கொண்டது.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. தொகைநிலை கற்பிக்கும் நாளில் ‘தாய் மண்’ என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதுங்கள். இரு வகையாகவும் விரிக்கச் சொல்லுங்கள். பின்னர் ஒவ்வொரு மாணவரும் தம் தாய், பாட்டி, பூட்டி பிறந்த இடங்களை வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். ‘நெகாராக்கு’ என்னும் சொல்லையும் பிரித்துக் காட்டுங்கள். ‘நெகாரா’ என்பது நாம் நகர் என வழங்கும் சொல்லோடு ஒரே மூலம் உடையது. ‘கு’ என்பது ‘என்’. இலக்கணமும் வரலாறும் மலாயும் ஒரே பாடவேளையில் கைகோக்கும். அதன்பின் தம் தோட்டத்தை, தம் கம்பத்தை, தம் ஆற்றைப் பெயர் சொல்லிப் பத்து அடிகளில் பாட்டெழுதச் சொல்லுங்கள். கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் குறித்த நிலம் இது. இதனைப் பற்றித் தமிழில் பாட இங்குள்ள பிள்ளைகளைவிட உரிமையுடையோர் எவருமிலர்.

அன்று பாடிய சிறுமி இப்போது வளர்ந்திருப்பாள். தோட்டங்கள் சூழ்ந்திருந்த இதே செமிலிங்கில் இன்று ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிற்கிறது. அங்கோ வேறெங்கோ அவள் பயின்றும் இருக்கலாம். அவளுக்கு நாம் தர வேண்டிய மதிப்பெண் இன்னும் நம்மிடம் நிலுவையில் உள்ளது. அதனை இவ்வவையில் பதிவு செய்து அமைகிறோம்.